கணினி ஏடும் அதன் காவலும்

தோற்றுவாய்

ஒரு சமுதாயத்தின் வாழ்வு அதன் ஏடுகளிலே தங்கியிருக்கின்றது. பிறப்பு, மணம், உழைப்பு, ஊதியம், உடைமை ஆகிய யாவும் எங்கேனும் ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருந்தாலன்றி, மன்றத்திலும் அலுவலகத்திலும் அவற்றிற்கு மதிப்பில்லை. எழுதுதல் எளிது, எழுதியதை எழுதியவாறே காத்தல் அரிது. எழுதியவர் யார், எழுதிய காலம் எது, மாற்றத்திற்கு முன் இருந்தது யாது, மாற்றியவர்க்கு மாற்றும் உரிமை இருந்ததா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கூறவல்ல ஏடே நம்பத்தக்க ஏடாகும்.

இவ்வுண்மையை இலங்கையின் மலைநாட்டுத் தமிழ் மக்கள் போலத் துன்பத்தின் வாயிலாக அறிந்தோர் சிலரே. கெகல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணையினாற் பெயர்பெற்ற நோட்டன் பிரிட்ஜை இதற்கு ஒரு காட்சிக்களமாகக் கொள்ளலாம். பொறியியலறிஞர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே வற்புறுத்திய நீர்மின் திட்டம், 1924 இல் வேலை தொடங்கப்பெற்று, இடையிலே கைவிடப்பட்டு, ஈற்றில் 1950 இல் லக்சபான மின்நிலையமாக நிறைவெய்தியது. நோட்டன் அணையின் நீர் நாட்டுக்கு ஒளியூட்டத் தொடங்கிய அதே ஆண்டுகளில், மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த தொழிலாளர் தம் இருப்பை மெய்ப்பிக்கும் ஏடுகளைத் தேடி அலைந்தனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949 இல் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டமோ, 1946 ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டிற்று. ஏறத்தாழ எட்டு இலட்சத்து இருபத்தையாயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. அவர்களுள் ஒரு சிறு பகுதியினரே குடியுரிமை பெற்றனர். பிறப்புப் பதிவு பலரிடம் இருக்கவில்லை. உழைத்த நாட்களைக் காட்டும் செக்றோல் தோட்ட அலுவலகத்திலே, பிறர் கையிலே இருந்தது. ஒரே படி, ஒரே காவலர், ஒத்துப் பார்ப்பதற்கு மறுபடி இல்லை என்னும் நிலையில், மெய்யாக வாழ்ந்த வாழ்வும் ஏட்டளவிற் பொய்யாயிற்று.

இன்று ஏடுகள் கணினியிற் புகுந்துவிட்டன. அவற்றைக் காக்கும் முறை பற்றிக் கணினி வல்லுநர் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து கண்ட முடிவே பதிப்புக் கட்டுப்பாட்டு வழங்கி எனப்படும். ஓர் ஆவணத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசைப்படப் பதிந்து, பலர் அதனைப் பகிர்ந்து எழுத இடமளித்து, வேண்டும்போது பழைய நிலையை மீட்டுத் தரும் பொதுக் கணினியே அது. லினக்ஸ் இயங்குதளத்தை ஒட்டி அது வளர்ந்த வரலாறும், அதற்கு நேர்ந்த இடையூறுகளும், அவ்விடையூறுகளால் விளைந்த தெளிவும் ஈண்டு ஆராயப்படும்.

ஓலைச்சுவடி தந்த முன்னறிவு

பல படிகளை ஒத்துப் பார்த்து மெய்ப்பாடம் காணும் நெறி தமிழர்க்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் 1887 ஆம் ஆண்டில் அச்சேற்றினர். ஏடெழுதுவோர் கைப்பிழையாற் பாடபேதம் தோன்றும். ஒரு சுவடி மாத்திரம் இருப்பின் பிழையைப் பிழையென அறிய வழியில்லை; பல ஊர்ச் சுவடிகளை அருகருகே வைத்து நோக்கும்போதே பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். படிகள் பலவாதல் ஏட்டிற்குக் காவலாம் என்னும் இக்கருத்தே கணினித் துறையிலும் ஈற்றில் வெற்றி பெற்றது. ஆயினும் அம்முடிவை எய்துவதற்கு அத்துறை முப்பதாண்டுகளுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது.

முதற் கருவிகள்

கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு மூலநிரல் எனப்படும். அதன் மாற்றங்களைப் பதிவதற்கென அமைந்த முதற் கருவியை 1972 இல் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரோச்கைன்ட் ஆக்கினார். ஒவ்வொரு பதிப்பையும் முழுமையாகச் சேமியாது, பதிப்புக்குப் பதிப்பு உள்ள வேறுபாட்டை மாத்திரம் சேமித்தல் அதன் சிறப்பு. 1982 இல் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வால்டர் டிக்கி, கடைசிப் பதிப்பை முழுமையாகவும் பழைய பதிப்புகளைப் பின்னோக்கிய வேறுபாடுகளாகவும் வைக்கும் முறையை வகுத்தார். இவ்விரு கருவிகளிலும் ஒரு கோப்பை ஒருவர் திருத்தும்போது பிறர் திருத்தாவண்ணம் அதனைப் பூட்டிவைத்தலே வழக்கம்.

பூட்டுமுறை பலர் சேர்ந்து செய்யும் பணிக்குப் பொருந்தவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரப் பல்கலைக்கழக ஆசிரியர் டிக் குரூன் 1986 இல் வெளியிட்ட சீ.வி.எஸ். என்னும் கருவி, பலர் ஒரே காலத்தில் திருத்திப் பின் இணைக்க வழிசெய்தது. அதன் வழிவந்ததாகிய சப்வெர்ஷன் 2000 இல் தொடங்கப்பெற்று 2004 இல் முதற் பதிப்பாக வெளிவந்தது. இவையிரண்டிலும் முழு வரலாறும் நடுவணுள்ள ஒரே வழங்கியில் இருந்தது. எழுதுவோர் கையில் இருந்தவை அவ்வப்போது பெற்ற படிகளே. வழங்கி அழிந்தால் வரலாறும் அழியும். வழங்கியைக் கைப்பற்றியவன் வரலாற்றைத் திருத்தி எழுதலாம். அன்றியும், சீ.வி.எஸ். கருவியின் ஒருவகை இணைப்பிற் கடவுச்சொல் ஏறக்குறைய மறைவின்றியே வலையமைப்பிற் சென்றது. கடவுச்சொற்களை வழியில் ஒற்றறிந்து திருடும் கொடுமை ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நேர்ந்தபோது, அங்கிருந்த டாட்டு இலோனென் 1995 இல் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி இணைப்பை ஆக்கினார். வழியைக் காக்கும் கருவி அதனாற் கிடைத்தது. ஏட்டைக் காக்கும் கருவி பின்னரே கிடைத்தது.

இலங்கையிலும் இக்காலத்தே ஒரு முயற்சி எழுந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது, இந்நாட்டு மென்பொருள் வல்லுநர் தன்னார்வத்தாற் கூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதியும் சகானா என்னும் மென்பொருளைச் சில நாட்களில் ஆக்கினர். அதன் மூலநிரல் எவரும் எடுத்தாளும் வண்ணம் வெளியிடப்பட்டமையால், 2005 இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் பயன்பட்டது. பலர் கை ஒரே ஏட்டில் விரைந்து எழுதவேண்டிய காலத்தில், யார் எதை மாற்றினார் என்று அறிய இயலாதாயின் பணியே குலைந்துவிடும் என்பதற்கு இத்தகைய முயற்சிகள் சான்றாகும்.

கள்வர் புகுந்ததும் கிட் பிறந்ததும்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் கருநிரலின் மாற்றங்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் தனியார் மென்பொருளாற் காக்கப்பட்டன. அதனை விரும்பாதார் பொருட்டு அதன் படியொன்று சீ.வி.எஸ். வழங்கியிலும் வைக்கப்பட்டிருந்தது. 2003 நவம்பரில் எவரோ அவ்வழங்கியிற் புகுந்து இரண்டே வரிகளைச் சேர்த்தனர். ஒத்திருக்கிறதா என வினவும் இரட்டைச் சமக்குறி நிற்கவேண்டிய இடத்தில், ஒற்றைச் சமக்குறி நின்றது. பார்வைக்கு எழுத்துப்பிழை போன்ற அது, தக்க தருணத்தில் எந்தப் பயனரையும் கணினியின் முழு ஆட்சியாளராக்கும் வஞ்சகம். மூல ஏட்டில் இம்மாற்றத்திற்கு உரிய பதிவு இல்லாமையை லாரி மக்வோய் கண்டமையால் வஞ்சகம் வெளிப்பட்டது. அவ்வரிகள் மூல ஏட்டிற் புகவில்லை. இரண்டு ஏடுகள் இருந்து அவை ஒத்துப் பார்க்கப்பட்டமையே அன்று காப்பாக அமைந்தது.

2005 ஏப்ரலில் பிட்கீப்பரின் இலவச உரிமம் மீட்டுக்கொள்ளப்பட, டோர்வால்ட்ஸ் கிட் என்னும் புதுக் கருவியை எழுதத் தொடங்கினார். அந்த ஏப்ரல் 3 ஆம் நாள் தொடங்கிய பணி, 7 ஆம் நாளில் தன் வரலாற்றைத் தானே காக்கும் நிலை எய்திற்று. அவ்வாண்டு ஜூலையில் அதன் பொறுப்பு யூனியோ ஹமானோவிடம் ஒப்படைக்கப்பட்டது.

கிட் கொணர்ந்த புதுமை இரண்டு. முதலாவது, களஞ்சியத்தைப் படியெடுக்கும் ஒவ்வொருவரும் வழக்கமாக முழு வரலாற்றையும் பெறுகின்றனர். எழுதுவோர் எத்துணையரோ, ஏறக்குறைய அத்துணை ஏடுகள். இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும் நாற்பது இலக்கமுள்ள அடையாளக்குறி உண்டு. அக்கணிப்பில் முந்திய பதிவின் குறியும் அடங்கும். ஆதலின் பழைய பதிவொன்றில் ஓர் எழுத்தை மாற்றினும், அதன் குறியும் அதன்பின் வந்த எல்லாக் குறிகளும் மாறி, திருத்தம் வெளிப்படும். இக்குறியைக் கணிக்கும் பழைய முறையில் ஓட்டை உண்டென 2017 இல் மெய்ப்பிக்கப்பட்டபின், அத்தகைய தாக்குதலைக் கண்டறியும் காப்பு கிட்டிற் சேர்க்கப்பட்டது. வலிமைமிக்க புதுமுறையும் பின்னர் இடம்பெற்றது.

இப்புதுமைக்குப் பெருஞ்சோதனை 2011 ஆகஸ்டில் வந்தது. லினக்ஸ் கருநிரலின் தலைமைக் களஞ்சியமாகிய கெர்னல்.ஆர்க் வழங்கிகளிற் கள்வர் புகுந்து முழு ஆட்சியும் பெற்றிருந்தமை அறியப்பட்டது. தளம் ஒரு மாதத்திற்கு மேல் மூடிக்கிடந்தது. ஆயினும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான படிகள் இருந்தமையால், வரலாற்றை எவரும் அறியாது திருத்துதல் இயலாதாயிற்று. ஏடு தப்பியது, வாயிலோ தவறியது. அங்கே 448 பயனர் தத்தம் கடவுச்சொற்களையும் திறவுகோல்களையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏட்டில் எழுதவேண்டியவர்க்கு வழங்கியினுள்ளே உலாவும் உரிமையும் வேண்டுமா என்னும் வினா அப்போது எழுந்தது.

ஐதராபாத்தில் எழுந்த வாயிற்காவலன்

அவ்வினாவிற்கு விடை இந்தியாவில் இரண்டாண்டுகளுக்கு முன்னரே ஆயத்தமாகியிருந்தது. ஐதராபாத்திலுள்ள டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்திற் பணியாற்றிய சீதாராம் சாமர்த்தி, 2009 இல் கிட்டோலைட் என்னும் மென்பொருளை எழுதி எவரும் பயன்கொள்ளுமாறு வெளியிட்டார். அதற்குமுன் வழங்கிய கிட்டோசிஸ் என்னும் கருவி, ஒருவரைக் களஞ்சியத்தினுள் விடலாம் அல்லது விடாதிருக்கலாம் என்ற அளவில் நின்றது. ஒரு களஞ்சியத்தின் எந்தக் கிளையில் எவர் எழுதலாம் என்று வரையறுக்கும் தேவையே சாமர்த்தியாரைப் புதுக்கருவி செய்யத் தூண்டிற்று.

அதன் அமைப்பு எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. வழங்கியில் உள்ள பயனர் கணக்கு ஒன்றே. எழுதுவோர் அனைவரும் தத்தம் திறவுகோலோடு அவ்வொரு கணக்கின் வாயிலுக்கு வருவர். வந்தவர் யார் என்பதைத் திறவுகோலால் அறியும் கிட்டோலைட், அவருக்கு விதித்த பணியை மாத்திரம் செய்யவிட்டு அனுப்பும். வழங்கியினுள்ளே கட்டளையிடும் உரிமை எவருக்குமில்லை. சிலருக்கு வாசிக்கும் உரிமை. சிலருக்கு எழுதும் உரிமை. பழைய வரலாற்றைப் பின்னோக்கி மாற்றும் உரிமையோ தனியே குறித்துக் கொடுக்கப்பட வேண்டியது. இவற்றினும் சிறந்தது யாதெனின், உரிமைகளை வகுக்கும் விதியேடும் ஒரு கிட் களஞ்சியமாகவே இருத்தலாம். யாருக்கு எப்பொழுது உரிமை வழங்கப்பட்டது, யார் வழங்கினார், எப்பொழுது பறிக்கப்பட்டது என்பனவும் அழியாது நிற்கும். காவலனையும் கணக்கிற்கு உட்படுத்தும் முறை இது. 2011 ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின் கெர்னல்.ஆர்க் தளமும் இக்கருவியை மேற்கொண்டது.

பின்வாயிலும் நம்பிய கையும்

முன்வாயிலைக் காத்துப் பின்வாயிலைத் திறந்துவைத்தலாற் பயனில்லை என்பதை 2021 ஆம் ஆண்டு உணர்த்திற்று. பீ.எச்.பீ. என்னும் புகழ்பெற்ற கணினி மொழியின் களஞ்சியத்தில், அவ்வாண்டு மார்ச் மாதம் 28 ஆம் நாள், அம்மொழியைத் தோற்றுவித்த ராஸ்மஸ் லெர்டோர்ப், அதன் முதன்மை ஆக்குநருள் ஒருவராகிய நிகிதா போபோவ் ஆகியோர் பெயரால் இரண்டு வஞ்சகப் பதிவுகள் காணப்பட்டன. அவை விரைவிற் கண்டு நீக்கப்பட்டன. அவ்வழங்கியிற் கிட்டோலைட் முன்வாயிலைக் காத்தது. ஆனால் கடவுச்சொல்லைக் கொண்டு இணையவழியாக எழுதுதற்கு வேறொரு வாயிலும் இருந்தது. கடவுச்சொற்களை வைத்திருந்த தரவுத்தளம் வெளிப்பட்டிருக்கலாம் எனவும், கள்வர் அவ்வழியே வந்தனர் எனவும் அத்திட்டத்தினரே பின்னர்க் கருத்து வெளியிட்டனர். மற்றுமோர் உண்மையும் புலனாயிற்று: பதிவில் எழுதுவோர் எப்பெயரை இடினும் கிட் அதனை ஏற்கும். ஆகலின் பெயர் சான்றாகாது. மறைகுறிக் கையொப்பமே சான்றாகும். பதிவுதோறும் அத்தகைய கையொப்பமிடும் வசதி 2012 முதலே கிட்டில் உண்டு.

2024 மார்ச் 29 ஆம் நாள் வெளிவந்த செய்தி இதனினும் கொடியது. எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளில், ஈராண்டுக்கு மேலாக நற்பணி செய்து நம்பிக்கை பெற்றுப் பொறுப்பாளருள் ஒருவராகவும் ஆகிய ஒருவர் வஞ்சகத்தைப் புகுத்தியிருந்தார். எஸ்.எஸ்.எச். இணைப்பு அரை நொடி தாமதிப்பதை ஐயுற்ற ஆன்ட்ரஸ் பிராய்ன்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டறிந்தார். வஞ்சகத்தை இயக்கும் முதன்மைப் பகுதி கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மாத்திரம் இருந்தது. பலர் கண்படும் ஏட்டைத் தவிர்த்து, எவரும் ஒத்துப் பார்க்காத படியையே கள்வர் நாடினர் என்பது நோக்கத்தக்கது.

வழங்கியை நிறுவும் முறை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து நிறுவும் முறையும் தானே பெறப்படும். ஒரு பழைய கணினியிலும் லினக்ஸ், கிட், எஸ்.எஸ்.எச். ஆகிய மூன்றையும் கட்டணமின்றி நிறுவலாம். களஞ்சியத்திற்கெனத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை அமைத்து, அதற்குக் கட்டளையிடும் உரிமையை நீக்கி, கிட் பணிகளுக்கு மாத்திரம் வரையறுத்தல் முதற் படி. வழங்கியில் வைக்கப்படும் களஞ்சியம், எவரும் நேரே திருத்தும் கோப்புகளின்றி வரலாற்றை மாத்திரம் கொண்ட வெறுங்களஞ்சியமாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது படி திறவுகோல். எழுதுவோர் ஒவ்வொருவரும் தம் கணினியில் இணைத் திறவுகோல்களை ஆக்கி, அந்தரங்கத் திறவுகோலைத் தம்மிடமே வைத்து, பகிரங்கத் திறவுகோலை மாத்திரம் வழங்கிக்கு அளிக்க வேண்டும். ஒருவரின் திறவுகோலை மற்றொருவர்க்குக் கொடுத்தல் ஆகாது. விலகியவரின் திறவுகோலை அன்றே நீக்குதல் வேண்டும். அனைவரும் திறவுகோல் பெற்றபின், கடவுச்சொல்லால் உட்புகும் வழியையும், முதன்மை ஆட்சியாளர் கணக்கில் வெளியிலிருந்து நேரே புகும் வழியையும் அடைத்துவிட வேண்டும். எழுதுவோர் சிலராயின் இவ்வளவு போதும். பலராகிக் கிளைக்கொரு உரிமை வேண்டப்படின் கிட்டோலைட் துணையாகும்.

மூன்றாவது படி சூழற் காவல். தீச்சுவரின் வாயிலாக எஸ்.எஸ்.எச். ஒழிந்த ஏனைய வாயில்களை மூடலும், இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாது ஏற்றலும், வரலாற்றைப் பின்னோக்கி மாற்றும் கட்டளையை வழங்கி மறுக்குமாறு செய்தலும், வந்துசேரும் பதிவுகள் பழுதற்றனவா என அது சோதிக்குமாறு பணித்தலும் இதில் அடங்கும். நான்காவது படி மறுபடி. களஞ்சியத்தின் படியொன்று வேறோர் ஊரில், வேறோர் ஆட்சியில் இருத்தல் வேண்டும். மழையும் இடியும் மண்சரிவும் மிகுந்த மலைநாட்டிற்கு இஃது இன்றியமையாதது. மறுபடி எடுத்தால் மாத்திரம் போதாது; அதிலிருந்து களஞ்சியத்தை மீட்க இயலுமா என இடையிடையே மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத மறுபடி, திறந்து பாராத நெற்குதிர் போன்றது.

முடிவுரை

இக்கருவிகள் மென்பொருள் எழுதுவோர்க்கே உரியன என எண்ணுதல் பொருந்தாது. பாடசாலைப் பதிவேடு, சங்கத்தின் யாப்பு, கூட்டக் குறிப்பு, ஊர் வரலாறு, குடும்ப வரன்முறை ஆகிய எழுத்தாவணம் எதனையும் இம்முறையிற் காக்கலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு: கிட் எழுதியதை அழியாது காக்குமேயன்றி, எழுதியது மெய்யா என அறியாது, மறைவாக இருக்கவேண்டிய செய்தியையும் அது மறவாது. ஆதலின் பிறர் அந்தரங்கத்தை ஆராயாது ஏட்டில் ஏற்றுதல் தகாது.

மலைநாட்டு மக்களுள் எஞ்சியிருந்த நாடற்றோரின் குறை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலேயே தீர்க்கப்பட்டது. 1948 இலிருந்து எண்ணின் ஐம்பத்தைந்து ஆண்டுகள். சட்டம் செய்த கொடுமையை எந்தக் கருவியும் தடுத்திராது என்பது மெய்யே. ஆனால் சான்றில்லை என்று கூறித் தள்ளப்பட்டவர்களின் வரலாறு, ஏடு பிறர் கையில் மாத்திரம் இருத்தல் எத்துணை இடர் என்பதைக் காட்டும். ஒவ்வொருவர் கையிலும் முழுப்படி, ஒவ்வொரு மாற்றத்திற்கும் கையொப்பம், ஒவ்வொரு வாயிலுக்கும் பெயரறிந்த காவல் என்னும் மூன்றும் அமைந்த ஏட்டைக் கள்வன் திருடலாம்; களவை மறைத்தல் அவனுக்கு அரிது. நோட்டன் பிரிட்ஜ் போன்ற சிற்றூரிலுள்ள பாடசாலை மாணவரும் சில நாட் பயிற்சியால் அத்தகைய ஏட்டை நிறுவ இயலும். கல்வி கற்றோர் அதனைக் கற்றுத் தம் ஊருக்கும் கற்பிப்பாராக.